நண்டுச்சாறு நீலமானபோது

நெஞ்சுச்சளிக்கு எங்கள் வீட்டு மருந்து நண்டு ரசம்தான். அன்று காலை அதைக் குடித்துவிட்டு, இருமிக்கொண்டே என் கணவர் வேலைக்குக் கிளம்பினார். மீதி நண்டுகளை வெட்டிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், வெட்டும்போது தண்ணீராக இருந்த சாறு நீலமாகக் கிடந்தது. எங்கள் தாராவிச் சந்தில், சாயப்பட்டறைச் சாக்கடையில் ஓடும் அதே நிறம். விஷத்தையா காய்ச்சிக் கொடுத்தேன்? அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

காலேஜுக்குக் கிளம்பிய நாத்தனார் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். விலங்கியல் படிப்பவள்.

"மதினி, இது நண்டோட ரத்தம். நம்ம ரத்தத்துல இரும்புன்னா அதுல செம்பு. காத்துல இருக்க ஆக்சிஜனப் பிடிச்சா நீலமாயிரும். விஷமெல்லாம் இல்ல."

நம்ப ஆசைதான். ஆனால் அவர் போனை எடுக்கவில்லையே!

கடைசியில் எடுத்தார்.

"அரே, ட்ரெய்ன்ல ஒரே கூட்டம்ட்டி. எதுக்கு இத்தன போனு?"

"எடுத்தா கொறஞ்சா போயிருவிய? நெஞ்சு எப்படி இருக்கு?"

"சளி எளகிருச்சு."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நண்டின் ரத்தத்துக்கு எப்போதோ காற்று கிடைத்துவிட்டது. எனக்கு அப்போதுதான் கிடைத்தது.