ஒன்றாம் வகுப்புக்கு எம்.எட். சம்பளம்

போன வருடம் தீபாவளி விடுமுறை முடிந்த வாரத்தில், என் கணவர் வேலை பார்த்த பொம்மசந்திரா கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. அவர் பெயரும் அதில் இருந்தது. வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், மளிகை எல்லாம் என் ஒருத்தி சம்பளத்தின் தலையில் விழுந்தது. நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எம்.ஏ., எம்.எட். படித்தவள். ஆனால் எங்கள் பள்ளியில் டீச்சர் படித்த படிப்புக்குச் சம்பளம் இல்லை, அவர் எடுக்கும் வகுப்புக்குத்தான் சம்பளம்.

நான் ஆண்டவரிடம் பயபக்தியாகப் பேசுகிற ரகம் இல்லை. சமைத்துக்கொண்டே சண்டை போடுவேன். "என்னை எம்.எட். வரைக்கும் படிக்க வைத்தது நீர்தானே? அதற்குச் சம்பளம் போட மட்டும் மறந்துவிட்டீரா?" என்று கேட்டு அழுதேன்.

ஜனவரியில் எட்டாம் வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "நோடி, பாருங்க மேடம், ஜூன்ல இருந்து நீங்க அங்க போயிடுங்க. ஏபிசிடி சொல்லித்தர எம்.எட். எதுக்கு?" என்றார்.

அன்று வீட்டில் கேசரி கிண்டினேன். அந்தப் புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் கிருபா அக்கா உருக்கமாக ஜெபித்தார். "ஆண்டவரே, இந்த மகளைச் சின்ன வகுப்பிலிருந்து விடுதலையாக்கும்." எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை.

அன்று காலைதான் ஆயிஷா பேசியிருந்தாள். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை. என் வகுப்பில் சிலருக்கு வீட்டில் தமிழ், சிலருக்குக் கன்னடம், சிலருக்கு தக்னி உருது. வீட்டு மொழியில் ஆரம்பித்தால் வாசிப்பு சீக்கிரம் வரும் என்று எம்.எட்.டில் ஆய்வே செய்தவள் நான். காக்கைப் படத்தைக் காட்டி, "உங்க வீட்ல இத என்னன்னு சொல்வீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். காக்கா, காகெ என்று வந்துகொண்டிருந்தது. அவள் மெதுவாக "கவ்வா" என்றாள். என் படிப்பு இங்கேதான் உதவுகிறது என்பது அந்த ஜெபக்கூட்டத்தில்தான் எனக்கு உறைத்தது. அங்கேயே மனதுக்குள் ஜெபத்தை மாற்றினேன். இருக்கிற இடத்திலேயே கொடும், கேட்கத் தைரியமும் கொடும் என்றேன்.

மறுநாள் பிரின்சிபாலிடம், "எட்டாவது வேணாம் மேடம். ஒண்ணாவதுலயே எம்.எட். சம்பளம் வேணும்" என்றேன். வீட்டில் சொன்னதும் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆண்டவர் கதவத் தொறந்தா, நீ போய் சாத்திட்டு வர்றியே."

எட்டாம் வகுப்புக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். பிப்ரவரி முழுவதும் எனக்குப் பதில் இல்லை.

மார்ச்சில் ஒருநாள் தாளாளர் சொல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று ஆயிஷா நாலு வரி தானாகவே வாசித்தாள். வெளியே வந்ததும் அவர், "உங்களுக்குக் குடுத்தா மத்த டீச்சருங்களும் கேப்பாங்களேம்மா?" என்றார்.

"படிச்சவங்க கேக்கட்டும் சார்" என்றேன். குரல் நடுங்கவில்லை. பேசியது நான் இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. இனி சின்ன வகுப்பு எடுப்பவர்களுக்கும் படிப்புக்கேற்ற சம்பளம். எனக்கு மட்டுமல்ல, இன்னும் இரண்டு டீச்சர்களுக்கும் கூடியது. கணவருக்கும் இப்போது அத்திபெலேயில் வேலை. மனது நிறைந்திருக்கிறது.

அன்பானவர்களே, கேட்டது சரியில்லை என்று பாதியில் தோன்றினால் வெட்கப்படாமல் மாற்றிக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. என்னையே இத்தனை வருடம் பொறுத்திருக்கிறார்.

ஜூனில் புது ஒன்றாம் வகுப்பு வந்தது. முதல் நாள் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அம்மாவைக் கேட்டு அழுதார்கள். நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.