ஏழாம் கொட்டகையின் கதவு

கழிமுகக் கரையில் வரிசையாக நின்ற பதினொரு படகுக் கொட்டகைகளில் ஏழாவது பெயின்டருடையது. எட்டாவது அவருடைய தங்கைக்கும் அவள் கணவர் மெக்கானிக்குக்கும் உரியது. இரண்டும் தந்தை பிரித்துக் கொடுத்தவை. நாற்பது ஆண்டுகள் பிறர் படகுகளுக்கு வண்ணம் பூசிய பெயின்டர், அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை எட்டாம் கொட்டகையைப் பார்த்து வயிறு எரிவதிலும் செலவிட்டார். அங்கே மாலை வெயில் விழாது. படகை ஏற்றும் சரிவில் பாசி பிடிக்காது. “மாப்ளை கொட்டகைக்குப் போற கறையான்கூட காலைத் துடைச்சுட்டுத்தான் உள்ள போகும்” என்பார் மனைவியிடம்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப்படகு முதன்முறை நீரில் இறங்கும் நாளில், கொட்டகைக் கதவின் உட்புறத்தில் அந்த ஆண்டை உளியால் செதுக்குவார்கள். பெயின்டரின் கதவில் கொள்ளுத்தாத்தா காலம்தொட்டு ஒன்பது ஆண்டுகள் இருந்தன. கூடவே ஓட்டைகளும் இருந்தன. பின்னாளில் கட்டிய எட்டாம் கொட்டகைக்கோ ஒரே மரத்தில் அறுத்த தேக்குக் கதவு. அதில் ஒரு கீறலும் கிடையாது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புயல் இரண்டு கதவுகளையும் பெயர்த்துச் சேற்றில் எறிந்தது. மறுநாள் முதலில் வந்து சேர்ந்தவர் பெயின்டர். மாப்பிள்ளையும் தங்கையும் வருவதற்குள் தேக்குக் கதவைத் தம் நிலையில் மாட்டி, நீலச் சாயமும் அடித்துவிட்டார்.

“அதோ கிடக்கு பாருங்க, உங்க கதவு” என்று பழையதைக் காட்டினார்.

அப்போது புதுமாப்பிள்ளையான மெக்கானிக் அதைத் தூக்கிக்கொண்டு போய் எட்டாம் கொட்டகையில் மாட்டினார். தங்கை மட்டும் அண்ணன் கையிலிருந்த ஈர பிரஷ்ஷைச் சற்று நேரம் பார்த்தாள்.

சென்ற பங்குனியில், பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் பெண் அலுவலர் ஒருவர் வந்தார். வரிசையிலேயே பழைய கொட்டகைக்கு, உரிமையாளர் பெயர் பொறித்த வெண்கலப் பலகை கிடைக்கும் என்றார். ஒவ்வொரு கதவின் உட்புறமும் டார்ச் அடித்துப் பார்த்து, எட்டாவதன் முன் நின்றார்.

“இதுதான் மூத்தது. பலகை இங்கதான்.”

மெக்கானிக் மச்சானைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம கொட்டகைக்கு இவ்வளவு வயசுன்னு எனக்கே தெரியாது மச்சான்! நல்ல வேளை, கதவை அடுப்புல வைக்கல.”

பெயின்டருக்குக் காது சூடேறியது. வாயைத் திறந்தால், கூடப்பிறந்தவளை ஏமாற்றியவன் என்று பதினொரு வீட்டாருக்கும் தெரிந்துவிடும். திறக்காவிட்டால், கொள்ளுத்தாத்தா செதுக்கிய ஆண்டுகளுக்குமேல் மாப்பிள்ளையின் பெயர் வெண்கலத்தில் மின்னும். தினமும் அதைக் கடந்துதான் அவர் தம் கொட்டகைக்குப் போக வேண்டும். மனச்சாட்சி இருபத்திரண்டு ஆண்டுகளில் செய்யாததைப் பொறாமை ஒரு நொடியில் செய்தது.

“அது என் கதவும்மா! கழட்டி அடிப்பக்கம் பாருங்க, ஏழுன்னு வெட்டியிருக்கும். நான்தான் மாத்தி மாட்டினேன்.”

கழற்றினார்கள். ஏழு இருந்தது. பக்கத்துக் கொட்டகைக்காரர் இருமினார்.

“தெரியும்ணே” என்றாள் தங்கை. “அன்னிக்கே சாயம் காயல. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

“இப்பவாவது சொன்னேன்ல?”

“ஆமா. பலகை வந்ததும் சொன்ன.”

அலுவலர் பதிவேட்டைத் திருத்தினார். அன்று மாலையே கதவுகள் இடம் மாறின. அடுத்த மாதம் ஏழாம் கொட்டகையில் பெயின்டரின் பெயரோடு பலகை ஏறியது. அதைத் துணியால் துடைத்துவிட்டு அவர் கதவைச் சாத்த முயன்றார். அது தரையைப் பிறாண்டியது. தோள் கொடுத்து மூன்று முறை தள்ளிய பிறகே மூடிற்று. ஓட்டை வழியே பாதி வெளிச்சம் உள்ளேயே நின்றது.

பக்கத்தில் மெக்கானிக் தேக்குக் கதவை ஒரு விரலால் தொட்டார். சத்தமின்றிச் சாத்திக்கொண்டது.

“மாப்ளை, வருஷா வருஷம் அதுக்கு சாயம் அடிச்சது யாரு? நான்தானே!” என்றார் பெயின்டர், பொறுக்க முடியாமல்.

“இல்லேன்னு யாருண்ணே சொன்னா?” என்றாள் தங்கை. “நீ மட்டும் பாத்துக்கலேன்னா எங்க கதவு என்னிக்கோ உளுத்துப் போயிருக்கும்.”