சத்தம் நிறுத்தும் பொத்தான்

மாமாவின் ரிமோட் இன்னும் பொலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது. வாங்கிய அன்றே மாமி போட்டுவிட்ட உறை. மற்றப் பொத்தான்களெல்லாம் அதன் கீழே புதுக்கருக்கு மாறாமல் கிடக்க, ஒரேயோர் இடத்தில் மட்டும் பொலித்தீன் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது: சத்தத்தை நிறுத்தும் பொத்தான். இருபது வருடம் மாமாவின் பெருவிரல் குடியிருந்த இடம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நடிகை. பேசாப்படக் காலத்து ஹொலிவூட்காரி. ஐரோப்பாவின் ஏதோவொரு குளிர்ந்த மூலையிலிருந்து கப்பலேறிப் போய், கண்களாலேயே அழுது ஓர் உலகத்தை அழவைத்தவள். படங்கள் பேசத் தொடங்கியதும் அவளும் ஒரு படத்தில் பேசினாள். அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டுக் கொட்டகையில் சிரித்தார்களாம். அதோடு சரி. பிறகு கடைசிவரை ஒரு பெரிய கடையில் கையுறை விற்றாள். இவளுடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதித் தா என்று மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். என் கவிதைகளை முழுவதும் வாசித்த ஒரே மனிதர் என்பதால் மறுக்க முடியவில்லை. மறுத்துத் தொலைத்திருக்கலாம்.

ஞாயிறு பூசை முடிய, ஒக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் அவர் வீட்டுக் கராஜில் இருவரும் உட்காருவோம். அவளுடைய அந்த ஒரே பேசும் படத்தைப் போடுவார். போட்ட கையோடு சத்தத்தை நிறுத்துவார்.

"பேசுற படத்தை ஏன் மாமா ஊமையாப் பாக்கிறியள்?"

"முகத்தைப் பாரடா. அதிலை இல்லாத என்னத்தை வாயாலை சொல்லப்போறாள்?"

தேத்தண்ணியோடு வரும் மாமி சொல்லுவார்: "தம்பி, உவர் கலியாணம் கட்டினது என்னையோ உவளையோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

மாமா மன்னாரில் இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். சிவப்புப் பேனா சட்டைப்பையைவிட்டுப் போனதில்லை. என் பக்கங்களில் கப்பலுக்குச் சரி போடுவார், கண்ணீருக்குச் சரி போடுவார். கையுறைக் கடை வந்ததும் குறுக்கே ஒரு கோடு. ஏழு தடவை எழுதினேன். ஏழு கோடு.

"நடந்ததைத்தானே எழுதுறன்!"

"நடந்ததெல்லாம் எழுதவேணுமெண்டு ஆர் சொன்னது? அவளைக் கொண்டுபோய்க் கடையிலை நிப்பாட்டாதை. படத்தோட முடி."

எரிச்சல் என் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. "கடையிலை நிக்கிறது என்ன வெக்கமே? நீங்களும் நிண்டனீங்கள்தானே."

மாமா பேனாவை மூடிப் பையில் வைத்தார். திரையில் அவள் சத்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒக்லாந்துக்கு வந்த புதிதில், உங்களுடைய ஆங்கிலம் பிள்ளைகளுக்கு விளங்காது என்று ஒரு பள்ளிக்கூடம் அவரைத் திருப்பி அனுப்பியது. பிறகு ஒடாஹுஹுவில் ஒரு டெய்ரியில், இங்கே தெருமுனைச் சில்லறைக்கடைக்கு அதுதான் பேர், பதினான்கு வருடம். நான் பால் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன்: வாயே திறக்கமாட்டார். புருவத்தால் வரவேற்பு, தலையசைப்பால் நன்றி, பாண் எந்தத் தட்டில் என்பதற்கு ஒரு விரல். பாதிச் சனம் அவரை ஊமை என்றே நினைத்திருந்தது. இவ்வளவும் தெரிந்திருந்தும் அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பக்கங்களைக் கேட்கவேயில்லை. நானும் கொடுக்கவில்லை. இரண்டு பிடிவாதங்கள், ஒரு கராஜ்.

போன குளிர்காலத்தில் மாமா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, அந்தக் கராஜில் தனியே உட்கார்ந்து படத்தைப் போட்டேன். என் பெருவிரல் வழக்கம்போல் அந்த ஓட்டைக்குப் போய், அங்கேயே நின்றது. அழுத்தவில்லை.

கொஞ்சம் கட்டைக் குரல். எழுத்துகளை உருட்டி, அழுத்தி, ஊரிலிருந்து கொண்டுவந்த சாமானைப்போல் ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிறாள். ஒரு சொல் விடாமல் விளங்கியது.

தேத்தண்ணியோடு மாமி வாசலில் நின்றுவிட்டார். "உவளோ கதைக்கிறாள்? நல்லாத்தானே கதைக்கிறாள். இதுக்கே மனுசன் இருபது வருஷம் வாயைப் பொத்தினது?"

ஒருநாள், ஒரேயொரு நாள் அந்த விரலை எடுத்திருக்கக்கூடாதா மாமா? கடையை எழுதிவிட்டேன். இரண்டு கடைகளையும். கோடு போட வாருங்கோ.