ஒற்றை கியரில் பேச்சிப்பாறை

2013 பிப்ரவரி. குளச்சலில் இருந்து பேச்சிப்பாறை போகிற வழியில், குலசேகரம் தாண்டிய பிறகு நடந்தது இது. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, தோஹா விசா கையில் வந்து, இன்னும் இரண்டே நாளில் விமானம் என்று இருந்த நேரம்.

எனக்கு ரோடு பைக், அதாவது ரேஸ் சைக்கிள் பைத்தியம். கடையில் முழுசாக வாங்குகிற பைக் இல்லை. ஒவ்வொரு பாகமாக நானே தேர்ந்தெடுத்துச் சேர்க்கிற பைக். எங்கள் ஊரான புதுக்கடைப் பக்கம் அதெல்லாம் கிடைக்காது. ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருப்பார்களே! ஃப்ரேம் துபாயில் இருந்து சித்தப்பா மகன் வழியாக வந்தது. பெடல் செட் ஷார்ஜா மாமா பெட்டியில், பால்பவுடர் டின்னுக்கும் சோப்புக்கும் நடுவே வந்தது. லீவில் வருகிற ஒருவரையும் நான் விடவில்லை. "தைலமும் டார்ச்சும் கேட்ட காலம் போயி, இப்ப இந்தப் பயலுக்குப் பல்சக்கரம் கொண்டுவரணும்" என்று மாமா புலம்பியது தெரு முழுக்கத் தெரியும்.

கியர் தேர்வு செய்ய மட்டும் எத்தனை ராத்திரி முழித்திருப்பேன்! முதலில் ரேஸ்காரர்கள் போடுகிற மாதிரி, பின்னால் சின்னச் சின்னப் பல்சக்கரங்களாகப் போட்டேன். சமவெளியில் பறந்தது. மேடு வந்ததும் முட்டி கழன்றது. ஏற்றத்துக்குப் பின்னால் பெரிய பல்சக்கரம் வேண்டும் என்று புரிந்து, கிறிஸ்துமஸ் லீவில் வரவிருந்தவரிடம் அதையும், அதற்கேற்ற டீரெய்லரையும் கொண்டுவரச் சொன்னேன். டீரெய்லர் என்றால் செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற பாகம். இரண்டும் வந்தன. சக்கரம் பெரிதானால் செயினும் நீளமாக வேண்டும் என்பதுதான் மண்டையில் உறைக்கவில்லை. உறைத்தபோது பெட்டி கட்டி வந்தவர் திரும்பிப் போயிருந்தார். அடுத்த பெட்டி ஈஸ்டருக்குத்தான். அதற்குள் நானே விமானம் ஏறிவிடுவேன். பழைய செயினே போதும், முன்னாலும் பின்னாலும் பெரிய சக்கரத்தை ஒரே நேரத்தில் போடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆசை ஒன்றுதான். குளச்சல் கடலில் டயரை நனைத்துவிட்டு, பேச்சிப்பாறை அணைவரை ஏறிப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு வருஷமாகச் சேர்த்த பைக் அதற்குள் ஒரு மலையாவது பார்க்க வேண்டாமா? இந்த ஒரு நாள் விட்டால் அடுத்த லீவுவரை அது வீட்டுச் சுவரில்தான் தொங்கும்.

விடிகாலையில் குளச்சல் துறைமுகத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. டயரை நனைத்துவிட்டு வரும்போது, மோட்டார் பைக்கின் பின்னால் நீலப் பெட்டி கட்டி ஐஸ் போட்டுக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே மக்கா, இவ்வளவும் வாங்கினவனுக்கு ஒரு மட்காடு வாங்க முடியாமப் போச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

குலசேகரம்வரை பாட்டுப் பாடிக்கொண்டே போனேன். அதன் பிறகு ரப்பர் தோட்டங்கள். இலை உதிர்கிற காலம், ரோடெல்லாம் சருகு. வளைந்து ஏறுகிற ஒரு மேட்டில் மூச்சு வாங்கியது. முன்னால் பெரிய சக்கரத்தில் இருக்கிறேன் என்பதையே மறந்து, பின்னாலும் பெரியதுக்குத் தட்டினேன். செயின் கம்பி மாதிரி இறுகியது. எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தேன். டக். டீரெய்லர் ஒடிந்து செயினில் தொங்கியது.

ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியது என்று சொல்ல வெட்கமில்லை.

சற்று நேரத்தில் ஹாரன் சத்தம். காலையில் பார்த்த அதே மீன்காரர், மலைப்பக்கத்து வீடுகளுக்கு மீன் கொண்டுபோகிறார். தாண்டிப் போனவர் வண்டியை நிறுத்தித் திரும்பி வந்தார். மட்காடு இல்லை என்று சொன்னதற்கு மற்றதையும் கழற்றிவிட்டாயா என்று கேட்டார். பிறகு முகத்தைப் பார்த்து, கேலியை நிறுத்திவிட்டார். பைக்கைத் தன் வண்டியில் சேர்த்துக் கட்டிக் குலசேகரத்தில் விடட்டுமா, அங்கிருந்து பஸ் கிடைக்கும் என்றார். நான் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். அணைக்கு ஏற வேண்டும் என்ற ஆசையையும் சொன்னேன். சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் மேலே போகிற ரோட்டை ஒரு தடவை பார்த்தார்.

"நான் பகரைன்ல கடலுக்குப் போனவன் மக்கா. அங்க போனா ஏறணும்னு நினைச்சாலும் ஏற ஒரு மேடு கெடையாது, கேட்டியா. இதை ஏறிட்டே போ."

ஒரு வழி இருந்தது. டீரெய்லரைக் கழற்றி எறிந்துவிட்டு, செயினை இன்னும் வெட்டிக் குறைத்து, பின்னால் ஏதாவது ஒரே பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். அதன் பிறகு கியர் மாற்ற முடியாது. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுதான் கடைசிவரை. இருபது கியரை ஆராய்ந்து ஆராய்ந்து வாங்கியவன், கடைசியில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. வரப்போகிற ஏற்றம் எப்படி என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. அவரிடம் மீன் வாங்குகிற ஒரு டீச்சர் வீட்டு ஏற்றத்தில் அவர் வண்டி இரண்டாவது கியரில் போகுமாம். பெட்டி நிறைய சாளை மீன் இருந்தால் முதல் கியராம். அதற்கப்புறம் ஒரு இறக்கம், அங்கே வண்டியை ஆஃப் செய்துவிடுவாராம். அணைக்கு முன்னால் உள்ள மேட்டில் மட்டும் நிறைந்த பெட்டியோடு போனால் வண்டி இருமுமாம். அப்படியானால் பெரிய பல்சக்கரத்துக்கு ஒன்று கீழே என்று முடிவு செய்தேன்.

நான் பையில் இருந்த செயின் கருவியால் செயினை வெட்டிச் சேர்த்து முடிக்கும்வரை பைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நீலப் பெட்டியில் இருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மீன் எங்கே என்று வீடுகளில் இருந்து கேட்கிறார்கள். மீன் கெட்டுப்போகுமே, நீங்கள் போங்கள் என்றேன். "பைய செய்யி" என்றார். அவ்வளவுதான். வேலை முடிந்ததும் ஹாரன் அடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

டீச்சர் வீட்டு ஏற்றத்தில் தொடை எரிந்தது. இறங்கி உருட்டிவிடலாம் என்று காலை எடுக்கப் போனேன். அப்போது கேட்டின் அருகே, மீன் சட்டியைக் கையில் பிடித்தபடி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவர்தான் டீச்சராக இருக்க வேண்டும்.

"நீதானா அது? உருட்டக் கூடாது, கேட்டியா. இறங்கினா போன்ல சொல்லணும்னு மீன்காரர் சொல்லிட்டுப் போயிருக்காரு."

சொல்லிக்கொண்டே, குடிக்கச் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெள்ளத்தை நீட்டினார். ஒரு காலை மதிலில் ஊன்றி, சீட்டை விட்டு இறங்காமலே குடித்தேன்.

அங்கிருந்து மேலே ஏறஏற இதே கதை. மீன் வாங்கிய வீடுகளில் எல்லாம் என் செய்தியும் சேர்ந்து இறங்கியிருந்தது. ஒரு வீட்டில் மோர். இன்னொரு வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையைக்கூடத் துடைக்காமல் ரோட்டுக்கு ஓடிவந்து, "மிதி மக்கா, இந்த வளைவு தாண்டினா இறக்கம்தான்" என்றார். எதிரே ஜீப்பில் வந்த ஒருவர்கூடத் தலையை வெளியே நீட்டி, உருட்டினாயா என்று கேட்டுவிட்டுப் போனார். முன்பின் தெரியாத ஆட்கள். ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. நான் மேலே போய்ச் சேர வேண்டும் என்று அத்தனை பேருக்கும் ஆசை இருந்தது.

கடைசி மேட்டில் நானும் இருமினேன். ஆனால் இறங்கவில்லை.

அணையின் பக்கத்தில் மீன்காரர் காலிப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாயா குடித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து நின்றேன். உருட்டவில்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள், தெரியும், டீச்சர் முதல் எல்லாரும் போன் பண்ணியாச்சு என்றார். எனக்கும் ஒரு சாயா சொன்னார். தண்ணீரையும் மலையையும் பார்த்துக்கொண்டு குடித்தோம். கிளம்பும்போது வாழையிலையில் பொதிந்த இரண்டு அயிலை மீனை என் ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார். அவ்வளவு வீடு ஏறி விற்றவர், இதை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

"அம்மைட்ட குடு. அங்க போனா ஐஸ் மீனுதான்."

அன்று மத்தியானம் அம்மா அந்த அயிலையைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். இரண்டாம் நாள் விமானம் ஏறினேன்.

இப்போது தோஹாவில் எனக்கு நல்ல பைக் இருக்கிறது, எல்லா கியரும் இருக்கிறது, அவர் சொன்னபடியே ஏற ஒரு மேடு இல்லை. லீவில் வரும்போது ஊர்ப் பையன்களுக்குப் பாகங்கள் கொண்டுவருவது இப்போது நான்தான். யார் எதைக் கேட்டாலும் கூடவே நீளமான செயின் ஒன்றையும் பெட்டியில் போட்டுவிடுவேன். அந்த மீன்காரரின் பெயரை அன்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஒரு லீவில் குளச்சல் ஏலத்துக்குப் போய்த் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. எதிர்காற்று முகத்தில் அறைந்து, இறங்கிவிடலாம் என்று தோன்றுகிற நாள்களில், எங்கேயோ ஒரு கேட்டின் அருகே மீன் சட்டியோடு யாரோ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்வேன். இன்றுவரை நான் இறங்கி உருட்டியதில்லை.