அம்மாவின் நிறத்துக்கு ஒரு பிரிண்டர்

கர்ர்ர்... டக். கர்ர்ர்... டக். அப்புறம் ஒரு நீண்ட உறிஞ்சல். தாம்பரத்தில் எந்த ஜெராக்ஸ் கடை வாசலில் இந்தச் சத்தம் கேட்டாலும் மூக்கைச் சுளித்துக்கொண்டு நடையை எட்டிப் போடுவேன். போட்டோ பிரிண்டர் தன் அடைப்பைத் தானே கழுவிக்கொள்ளும் சத்தம் அது. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் சளியைக் காறுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அவராவது வெளியே துப்புகிறார். என் பிரிண்டர் அத்தனையையும் வயிற்றுக்குள்ளேயே துப்பி வைத்துக்கொண்டது. ஒருநாள் அடியைத் திறந்து பார்த்தேன். குடித்த மை முழுக்க ஒரு பஞ்சில் ஊறி, சாக்கடை வண்டலைப் போலக் கறுத்துக் கிடந்தது. விரலில் பட்டது சோறு சாப்பிடும்போதும் போகவில்லை.

அந்தச் சத்தம் கேட்டால் கூடவே அக்காவும் நினைவுக்கு வந்துவிடுவாள்.

அப்போது அவள் பம்மல் வீட்டைக் காலி செய்துவிட்டு, மதுரையில் இருக்கும் மகளோடு சேர்ந்து இருக்கக் கிளம்பிவிட்டாள். ரயில் ஏறும்வரை சிட்லபாக்கத்தில் என் வீட்டில் தங்கல். சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றிக் கட்டி எடுத்து வந்தவள், அம்மாவின் மாலை போட்ட படத்தை மட்டும் எடுத்து வரவில்லை.

"அது அம்மாவா? யாரோ பொம்பள. இத்தன வருஷம் யாரோ பொம்பளைக்குப் பூப்போட்டுட்டு இருந்தேன்."

பொய்யில்லை. செத்தவர்களை வெளுப்பாக்குவது நம் ஸ்டுடியோக்களின் வழக்கம். யாரும் கேட்பதில்லை, அவர்களாகவே செய்துவிடுவார்கள். அடுப்புக்கரி நிறத்தில் இருந்த எங்கள் அம்மாவை மாவில் புரட்டி எடுத்து, மூக்கோரத்து மச்சத்தைத் துடைத்து, நீலத்திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்த நிறத்துக்காக அவளைக் கேலி செய்த சொந்தக்காரர்களே அந்தப் படத்தைப் பார்த்து, "லட்சணமா இருக்காங்க" என்றார்கள்.

அக்காவையும் இப்படித்தான் வெளுத்தார்கள், பெண் பார்க்கிற காலத்தில். போட்டோவைப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா, காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், "போட்டோவுல இருக்கிற பொண்ணு எங்கே?" தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் அக்கா. அவர்கள் போன பிறகு அடுப்படியில் அக்கா சொன்னாள்: "உள்ள பவுடர் பூசிட்டு இருக்கான்னு சொல்லியிருக்கணும்." சிரித்தது அவள் மட்டும்தான்.

எனவே அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மாவை அம்மாவின் நிறத்தில் மதுரைக்குக் கொண்டு போக வேண்டும். படம் என் போனில் இருந்தது. வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் நடந்து களைத்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே அம்மா சிரித்த படம். பிரிண்டரை முடுக்கினேன். காறியது. உறிஞ்சியது. மறுபடி காறியது. மஞ்சள் மை அடைத்துக்கொண்டுவிட்டது போல. ஊதா நிறத்தில் ஒரு முகம் மெல்ல வெளியே வந்தது.

"இது அம்மா இல்லடா, கத்திரிக்கா."

"இன்னொரு தடவ கழுவிப் பாக்கறேன்க்கா."

"அத ஏன்டா கழுவற? தூக்கிப்போட்டுட்டு புதுசு வாங்கித் தொலையேன்!"

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். விலை கூடிய போட்டோ பிரிண்டர்கள் வரிசையாக வாயைத் திறந்தபடி இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மாதிரிக்கு ஒரு படம். பஞ்சவர்ணக்கிளி, பூச்செடி, தங்கமுடி வெள்ளைக்காரக் குழந்தை. இந்த ஊர் முகம் ஒன்றுகூட இல்லை. விற்பனையாளர் தேன்குரலில் பேசினார். என் போனிலிருந்து அம்மாவை வாங்கி அச்சடித்துக் காட்டினார்.

கோடில்லை, திட்டில்லை, வழவழவென்று வந்தாள் அம்மா. தோலுரித்த பாதாம் நிறத்தில்.

"பாத்தீங்களா சார்? எவ்ளோ க்ளியர்! நாம ஒண்ணுமே பண்ண வேணாம், மிஷினே கரெக்ஷன் பண்ணிடும்."

"என்ன கரெக்ஷன்?" என்றாள் அக்கா. "எங்கம்மா என்ன தப்பா?"

"ஐயோ, அப்படி இல்ல ஆன்ட்டி. ஃபேஸ் ப்ரைட்டா இருக்கும். எல்லாரும் அதான் கேக்கறாங்க."

எல்லாரும். ஸ்டுடியோக்காரரிடமாவது சண்டை போடலாம். இந்தப் பெட்டியிடம் யார் போய்ச் சண்டை போடுவது? கேட்காமலேயே வெளுக்கும் அந்தப் புத்தியை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து இதற்குள் வைத்து மூடியிருக்கிறார்.

"அந்தக் கரெக்ஷன நிறுத்த முடியுமா?"

"அதையா சார்?" உப்பில்லாத சாப்பாடு கேட்டவனைப் போல என்னைப் பார்த்தார். செட்டிங்ஸில் தேடித் தேடி அணைத்தார். இன்னொரு தாள் உள்ளே போனது. வெளியே வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"சாரி சார், ரொம்ப டல்லடிச்சிடுச்சு." தாளைக் கழிவுக் கூடையில் போடப் போனார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "கொடுப்பா இங்க."

மச்சம் இருந்தது. வெயிலில் மின்னும் கரிய நெற்றி இருந்தது. "கழுத்துல வேர்த்திருக்கு பாருடா," என்றாள் அக்கா. தாளின் மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், மை இன்னும் காயவில்லை என்பதுபோல.

"பில் போட்டுடலாமா சார்?"

"யோசிச்சு சொல்றேங்க," என்று வெளியே வந்துவிட்டேன். குப்பைக்குப் போக இருந்த தாளில்தான் அம்மா இருந்தாள். அந்த அருவருப்போடு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை.

தாம்பரம் ஸ்டேஷனில் வண்டி சற்று நேரம்தான் நிற்கும். அக்கா ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிய படம் மடியில். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்:

"அந்த மிஷின நெனச்சாலே குமட்டுதுக்கா. வாங்கப் போறதில்ல."

"வாங்குடா," என்றாள். "அந்தக் கரெக்ஷன எங்க அணைக்கணும்னு பாத்துட்ட இல்ல?"

"பாத்தேன். அதுக்கென்ன? உன் வேலதான் முடிஞ்சிடுச்சே."

வண்டி அசைந்தது. கம்பியின் மேல் இருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"எனக்கும் ஒருநாள் மாலை போடுவீங்க இல்ல? எம்பொண்ணு நேரா ஸ்டுடியோவுக்குத்தான் ஓடுவா. நீ முந்திக்கோ. கறுப்பாவே போடு."