கை தூக்குனா நிறுத்தோணும்

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பேக்கரில ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள இந்தக் கதைய யாராச்சும் உங்க காதுல போட்டுருவாங்க.

"ரிக்கு பச்சமுத்து டிவி போட்டிக்குப் போனாருங்களே, தெரியுமுங்களா? கிளிமஞ்சாரோ மலை எந்த நாட்டுல இருக்குதுன்னு கேட்டாங்களாமா. பெத்த பையன் பொழைக்கப் போன நாடுங்க! அது கூடத் தெரியாம, வெளிநாட்டுக்காரங்களப் பாத்து வெடவெடத்துப் போயி, வாயப் பொளந்துட்டு நின்னுபோட்டாரு!"

சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு. கூடவே ஒரு தேங்கா பன்னு.

அத்தனையும் பேக்கரிப் புளுகு. நடந்தது என்னன்னு கேளுங்க.

பச்சமுத்து போர்வெல் போடற ரிக்கு வண்டில டிரில்லரு. கம்ப்ரஸர் ஓடறப்ப பக்கத்துல நிக்கறவன் தொண்ட கிழியக் கத்துனாலும் கேக்காது. அந்தச் சத்தத்துலயே அவருக்குக் காது பாதி போயிருச்சு. அதனால ரிக்கு வண்டில வாய்க்கு வேலையில்ல, எல்லாங் கையிலதான். வெரலச் சுத்துனா ராடு ஏத்து. அஞ்சு வெரலையும் விரிச்சுக் கை தூக்குனா நிறுத்து. ஏன், எதுக்குன்னு கேக்கப்படாது. யோசிச்சு நிறுத்தறதுக்குள்ள ஒருத்தனுக்குக் கை போயிரும்.

அப்புடித்தான் போச்சு. பையன் இளவழகன் அதே வண்டில லீவர் புடிச்சுட்டிருந்தான். போன்ல என்னத்தையோ பாத்துட்டிருந்தவன், அப்பன் தூக்குன கையப் பாக்கல. ராடு மாட்டிட்டிருந்த அர்த்தநாரிக்கு ரெண்டு வெரலு போயிருச்சு. பச்சமுத்து அத்தன ஆளு முன்னால பையனச் செருப்பாலயே அடிச்சாரு.

இளவழகன் அன்னிக்கே வண்டிய உட்டு எறங்கிப்போட்டான். தான்சானியாவுல நம்மூரு ரிக்கு ஓடுதுன்னு ஏஜென்ட்டப் புடிச்சுப் போனவன்தான். அப்பன் நம்பர பிளாக் பண்ணிப்போட்டான். தங்கச்சி தீபிகாவுக்கு மட்டும் பொங்கலுக்கு, தீவாளிக்கு ஒரு மெசேஜ் வரும்.

"ஏனுங்க, அவ போன்ல நீங்களே ஒரு வார்த்த பேசுனா என்னங்க?"ன்னு சம்சாரம் மாரக்காள் கேட்டா, "பேச வாய் வரல புள்ள"ம்பாரு. வாயில்லாமயே வேலை பாத்த மனுசன்.

அப்பத்தான் தீபிகா அந்த டிவி போட்டியக் கண்டுபுடிச்சா. பொது அறிவுக் கேள்வி. மலேசியா, கனடா, மொரீஷியஸ், இலங்கைன்னு நாட்டுக்கு ஒரு தமிழர். சுற்றுல ஜெயிச்சவங்க கேமராவப் பாத்து அரை நிமிசம் யாருக்கு வேணாலும் பேசலாம்.

"அப்பா, ஆப்பிரிக்கால ரிக்கு ஆளுங்கெல்லாம் இதத்தான் பாக்கறாங்களாமா. அண்ணனும் பாப்பான்."

பத்தாவது பெயிலான மனுசன், சேலத்துல டிவிக்காரங்க வெச்ச தேர்வுல தட்டுத் தடுமாறித் தேறுனாரு. போர்வெல்காரர் ஒருத்தர் வந்தா ஷோ களகட்டும்னு டிவிக்காரங்களுக்கும் ஒரு ஆசை. கேள்வி பதிலெல்லாம் அவரு பெருசாப் படிக்கல. கோழிக் கொட்டாய்க்குப் பின்னால நின்னு ஒண்ணே ஒண்ணுதான் பழகுனாரு. "சாமி, உன்னைய அடிச்சது தப்பு. ஊட்டுக்கு வா." அரை நிமிசமே தேவையில்ல. அதுலயும் 'தப்பு'ன்னு வர்ற எடத்துல திக்கும். கோழிங்க கேட்டு முடிச்சு மேயப் போயிருச்சு.

சென்னையில மூஞ்சிக்குப் பவுடர் போட்டு உக்கார வெச்சாங்க. பதில் சொல்ல அஞ்சு செகண்டு பாக்கி இருக்கறப்ப, கேமரா பக்கத்துல நிக்கற பொண்ணு அஞ்சு வெரலக் காட்டும்னு முன்னாடியே சொன்னாங்க. அரைக் காதுல என்னத்தக் கேக்கறது? தலைய மட்டும் ஆட்டுனாரு.

தட்டித் தடவிக் கடைசிக் கேள்வி வரைக்கும் மலேசியாவுல இருந்து வந்த அம்மாவோட சமமா வந்துட்டாரு. இவரு முறை. கிளிமஞ்சாரோ மலை எந்த நாடு?

கேட்ட ஒடனே பையன் மொகம் வந்து முன்னால நின்னுருச்சு. அதப் பாத்துட்டே நேரம் போயிருச்சு. எச்சி முழுங்கி வாயத் தொறந்தாரு. "தா..."

அந்தப் பொண்ணு அஞ்சு வெரலையும் விரிச்சுக் கையத் தூக்குச்சு.

நிறுத்திப்போட்டாரு.

அந்தக் கை எறங்கற வரைக்கும் வாயத் தொறக்கல. அதுக்குள்ள மணியடிச்சுருச்சு. மலேசியா அம்மா "தான்சானியா"ன்னு சொல்லிச்சு, கைதட்டு வாங்குச்சு, அந்த அரை நிமிசத்தையும் வாங்குச்சு. ஊட்டுல உட்டுட்டு வந்த பூனை நேரத்துக்குச் சாப்புடோணும்னு அழுதுட்டே சொல்லிச்சு. பச்சமுத்து பக்கத்துல நின்னு கைதட்டுனாரு. எல்லாரும் தட்டுனாங்களே.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல தீபிகா ஏதேதோ கேட்டா. பஸ்ஸு சத்தத்துல அவரு அரைக் காதுக்கு ஒண்ணும் எட்டல.

ஷோ டிவில வந்துச்சு. பேக்கரில சிரிச்சாங்க. அதோட போயிருந்தாத் தேவலை. தான்சானியாவுலயும் பாத்தாங்க, அங்கயும் சிரிச்சாங்க. இளவழகன்கிட்டயிருந்து தங்கச்சிக்கு மெசேஜ் வந்துச்சு: "நான் எந்த நாட்டுல இருக்கறேன்னு கூட உங்கொப்பனுக்குத் தெரியலையா?"

தீபிகா அதப் படிச்சுக் காட்டுனா. மாரக்காள் முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. பச்சமுத்து எந்திரிச்சு வந்தாரு. பொண்ணு கையில இருந்த போனப் புடுங்கி, மைக்க அமுக்கிப் புடிச்சாரு. காது கேக்காதவங்க பேசறாப்புல சத்தமாத்தான் பேசுனாரு, தெருவுக்கே கேட்டுச்சு.

அனுப்புனத அவன் கேட்டானா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தகவல் இல்ல. தீபிகா தெனமும் எடுத்துப் பாக்கறா. அதுல இருக்கறது இவ்வளவுதான்:

"தான்சானியாடா. தெரியாமயும் நிக்கல, பயந்தும் நிக்கல. கையத் தூக்குனாங்க, நிறுத்திப்போட்டேன். உன்னைய அடிக்கறப்பவும் அர்த்தநாரி கையத் தூக்கி நிறுத்துங்கன்னான் சாமி. அப்ப மட்டுந்தான் நான் நிறுத்தல."