ஆரோக்கியமானவர் என்று எடுத்த ரத்தம்

பொன்மலர் ரத்தம் எடுத்தால் வலிக்காது என்று வேலூரில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் இன்னும் அவளிடம் மாட்டவில்லை, அவ்வளவுதான். ராணிப்பேட்டையில் பிறந்தவள். லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசராக இருந்த ஜெயசீலனைக் கட்டிக்கொண்டாள். தினமும் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ். ஜன்னலோர சீட்டுக்காக கண்டக்டரிடமே மல்லுக்கு நிற்பாள். டாக்டர்களையும் விடமாட்டாள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை, அந்தப் பன்றிக் காய்ச்சல் வருஷம் வரைக்கும்.

அது 2009. நாங்கள் இருவரும் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அந்தக் காய்ச்சலைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரே மாதிரி இருமலோடு பத்துப் பேர் வருவார்கள். ஒன்பது பேர் கஞ்சி குடித்து நாலு நாளில் எழுந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் இரண்டே நாளில் மூச்சுக்குத் திணறி வென்டிலேட்டரில் படுப்பார். அந்த ஒருவர் யார் என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஆனால் கிருமி உள்ளே நுழைந்ததும் ரத்த அணுக்களில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. எவை விழித்தன, எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று அளந்தால், யாருக்கு மோசமாகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதுதான் ஆராய்ச்சியை நடத்திய எங்கள் சாமிநாதன் சாரின் கேள்வி. நல்ல மனிதர்தான். ஆனால் ரத்தக் குழாயைக் கண்டால் ரத்தத்துக்குச் சொந்தக்காரரை மறந்துவிடுவார்.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அந்த பயத்தில் ஊரில் யார் கை நீட்டுவார்கள்? கடைசியில் பொன்மலர் தன் வீட்டுக்காரரையே அழைத்து வந்தாள். டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, அதனால் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். காய்ச்சல், சளி, இருமல் ஏதாவது உண்டா என்று முறைப்படி அவளே கேட்டாள். இல்லை என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினார். எல்லோரும் சிரித்தோம். எங்கள் பக்கத்தில் டேனரியில் வேலை செய்பவரின் இருமலை யாரும் இருமல் என்று சொல்வதில்லை. சுண்ணாம்பும் அமோனியாவும் தொண்டையில் ஏறிப்போன மனிதர், இருமாமல் இருந்தால்தான் பெண்டாட்டி என்ன ஆச்சு என்று கேட்பாள். 'ஆரோக்கியமானவர்' என்ற பிரிவில் அவர் ரத்தத்தைச் சேர்த்தாள் பொன்மலர்.

திங்கட்கிழமை மத்தியானம் சாமிநாதன் சார் முகம் சிவக்க எங்கள் அறைக்கு வந்தார். நோயில்லாதவர்களின் குழாய்களுக்கு நடுவே ஒரு நோயாளியின் குழாயைக் கலந்துவிட்டீர்கள் என்று திட்ட ஆரம்பித்தார். ஒரு குழாய் ரத்தத்தில் அந்த மரபணுக்கள் அத்தனையும் விழித்திருக்கின்றனவாம். அதுவும் சாதாரணக் காய்ச்சல்காரர்களைப் போல அல்ல, வென்டிலேட்டருக்குப் போனவர்களைப் போல. என்ன நம்பர் சார் என்று கேட்டேன். சொன்னார்.

பொன்மலர் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அது வெள்ளிக்கிழமை எடுத்த குழாயின் நம்பர். அன்றைக்கு ஆரோக்கியமானவர் என்று ரத்தம் கொடுத்தவர் ஜெயசீலன் ஒருவர்தான். குழாய் மாறவில்லை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உடம்பு சுடுகிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டவர், அன்றைக்குக் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போயிருக்கிறார். அதைச் சொல்லிக்கொண்டே அவள் செல்போனை எடுத்தாள்.

விஷயம் தெரிந்ததும் சாமிநாதன் சார் குரலைத் தணித்துக்கொண்டார். இந்தச் சோதனை இன்னும் நிரூபிக்கப்படாதது, இதை நம்பி யாரையும் பயமுறுத்தக்கூடாது என்றார்.

"பயந்தாச்சு சார்," என்றாள் பொன்மலர்.

ஜெயசீலனின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓடுகிற சத்தத்தில் கேட்டிருக்காது என்று நான் சமாதானம் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. இருவரும் ஆம்பூர் பஸ் ஏறினோம். ஜன்னலோர சீட்டு காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை, வழி முழுக்க கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். பள்ளிகொண்டா தாண்டும்போது என் கையைப் பிடித்தாள். அந்தக் கை ஐஸாக இருந்தது.

டேனரி வாசலில் மேஸ்திரி வாஹித் பாஷா எதிரே வந்தார். ஜெயசீலன் உள்ளேதான் இருக்கிறான், இன்றைக்கு இருமல் கொஞ்சம் ஜாஸ்தி, வேறொன்றுமில்லை என்றார். ஈரத்தோல் அடுக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார் ஜெயசீலன். எங்களைப் பார்த்ததும் வேலை நேரத்தில் இங்கே எதற்கு வந்தாய் என்று சிடுசிடுத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நடுவே மூன்று முறை நின்று மூச்சு வாங்கினார். தனக்கு ஒன்றும் இல்லை, டிரம்மில் சரக்கு கிடக்கிறது, சாயந்திரம் பார்க்கலாம் என்றார்.

சண்டை போட்டே காரியம் சாதிக்கிறவள், அன்றைக்குச் சண்டை போடவில்லை.

"உங்க ரத்தத்துல வந்திருக்கிறதை சார் சொல்லிட்டாருங்க. எனக்கு பயமா இருக்கு. வாங்க."

கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம், அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். வாஹித் பாஷா கம்பெனி வேனை எடுக்கச் சொன்னார். பாதி வழி வரைக்கும் ஜெயசீலன் இருமிக்கொண்டே வந்தார். பிறகு இருமல் நின்றது. குணமாகி நிற்கவில்லை, இருமுவதற்கு மூச்சு போதவில்லை. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்த டாக்டர், உடனே ஸ்ட்ரெச்சருக்கு ஆள் அனுப்பினார். அன்றைக்கு ராத்திரியே வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம்தான் என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் சாமிநாதன் சார் ஐ.சி.யூ. வாசலுக்கு வந்தார். காய்ச்சல் தெரிவதற்கு முன்பே எடுத்த ரத்தம் வேறு யாரிடமும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. இப்போது இன்னொரு முறை எடுத்தால் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொன்மலர் எழுந்தாள். வேறு யாரும் அவரைக் குத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் தானே எடுத்து வந்தாள். குழாயை சார் கையில் கொடுக்கும்போது கேட்டாள்.

"இதுல அவர் பொழைப்பாரான்னு தெரியுமா சார்?"

சாமிநாதன் சார் குழாயைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "தெரியாதும்மா," என்றார்.

ஜெயசீலன் பிழைத்தார். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்து, இரண்டு மாதம் கழித்து டேனரிக்கே திரும்பிப் போனார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பொன்மலருக்கு ஏகப்பட்ட பாராட்டு. சாமிநாதன் சார் சம்பளம்கூட ஏற்றித் தருவதாகச் சொன்னார். அவளோ சாதாரண லேபில், மலம் மூத்திரம் பரிசோதிக்கிற பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். உனக்குப் பைத்தியமா என்று நான் சத்தம் போட்டேன்.

"அங்க இன்னிக்கு இருக்கிறதை மட்டும்தான் சொல்லுவாங்கக்கா," என்றாள். "நாளைக்கு இன்னா ஆகும்னு இனிமே எனக்குத் தெரிய வேணாம்."